வண்டு வந்த பிறகு

1981 பிப்ரவரியில் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில், மாமோர் என்னும் செம்பனைத் தோட்டத்தில் கொஞ்சம் வண்டுகளைத் திறந்துவிட்டார்கள். ஒவ்வொன்றும் மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளம். எள்ளைவிடச் சற்றே பெரிது. பெயர் எலேடோபியஸ் கமருனிகஸ். பிறந்த மண் ஆப்பிரிக்காவின் கேமரூன்.

செம்பனையும் ஆப்பிரிக்க மரம்தான். மலாயாவுக்கு மரம் மட்டும் வந்தது, அதன் உறவுக்காரப் பூச்சி வரவில்லை. காற்றுதான் மகரந்தத்தைக் கொண்டுபோகிறது என்று விஞ்ஞானிகள் நெடுங்காலம் நம்பினார்கள். கேமரூன் தோட்டங்களில் வேலை பார்த்திருந்த லெஸ்லி டேவிட்சன் என்ற நிர்வாகிக்கு அதில் ஐயம் இருந்தது. அங்கே குலை நிறையக் காய்க்கிறது, பூவைச் சுற்றி எப்போதும் வண்டு மொய்க்கிறது; இங்கே பூ பூத்தும் குலை பாதி பொக்காகப் போகிறதே, ஏன்? பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியலாளர் ஆர். ஏ. சையத் ஆப்பிரிக்காவில் ஆராய்ந்து விடை சொன்னார். ஆண்பூவில் முட்டையிட்டு வளரும் இந்த வண்டு, பூவிலிருந்து வரும் சோம்பு வாசனையைப் பிடித்துக்கொண்டு பெண்பூவுக்கும் போகிறது. போகும்போது உடம்பில் ஒட்டிய மகரந்தமும் கூடவே போகிறது. வேறு பயிர்களைத் தின்னாது என்று சோதித்து உறுதிசெய்த பிறகே மலேசியாவுக்குக் கொண்டுவந்தார்கள். கொஞ்ச காலத்திலேயே அது தீபகற்பம் முழுக்கப் பரவிவிட்டது.

அறிவியல் நூல்கள் இதை வெற்றிக் கதையாகச் சொல்கின்றன. வெற்றிதான், ஐயமில்லை. ஆனால் அதுவரை வண்டின் வேலையைச் செய்துகொண்டிருந்தது யார்?

மனிதர்கள். அவர்களில் பலர் பெண்கள். இளஞ்செம்பனைகளில் ஆண்பூ குறைவாக இருக்கும் என்பதால் மகரந்தத்தைக் கையால் தூவ வேண்டியிருந்தது. வேறு மரங்களின் ஆண்பூக்களை வெட்டி உலர்த்தி, மகரந்தத்தை உதிர்த்து, முகத்துக்குப் பூசும் பவுடர் மாவான டால்க்கோடு கலப்பார்கள். அதை ஊதுகுப்பியில் அடைத்துக்கொண்டு மரம் மரமாகப் போக வேண்டும். மட்டையின் அடிப்பக்கம் முழுக்க முள். கையை உள்ளே விட்டு, பெண்பூவை மூடியிருக்கும் பாளையை விலக்கி, பூ ஏற்கும் பருவத்தில் இருக்கிறதா என்று பார்த்து ஊத வேண்டும். அந்தப் பருவம் இரண்டு மூன்று நாள்தான் நீடிக்கும். ஆகவே சில நாளுக்கு ஒருமுறை அதே மரத்துக்குத் திரும்ப வந்தாக வேண்டும். வண்டு வந்த பிறகு இந்த வேலையே இல்லாமல் போனது. யாரும் யாரையும் விரட்டவில்லை. அதிகாலையில் பேர் கூப்பிடும் வரிசையான பெரட்டில் அந்த வேலைக்குப் பெயர் கூப்பிடுவது நின்றது, அவ்வளவுதான்.

இந்த அத்தியாயத்தில் நான் பின்தொடரப் போகும் கேள்வி இங்கிருந்துதான் கிளம்புகிறது. ஒரு கருவியோ ஒரு பயிரோ ஒரு வண்டோ, எத்தனை பேரை ஓரிடத்தில் சேர்த்து வைக்கிறது? அப்படிச் சேர்ந்திருப்பதால் அவர்களுக்குக் கிடைப்பது என்ன, கலைந்தால் போவது என்ன?

இதைச் சமூக அறிவியலில் தெளிவாகக் கேட்டவர்களில் இருவர் இங்கிலாந்தில் இருந்தார்கள்: லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தின் எரிக் டிரிஸ்ட், ஒரு காலத்தில் சுரங்கத்தில் கரி வெட்டியவரான கென் பாம்ஃபோர்த். 1951இல் இவர்கள் எழுதிய கட்டுரை நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றியது. முன்பு இரண்டு மூன்று பேர் சேர்ந்து, ஒரு முகப்பில் கரி வெட்டுவது முதல் ஏற்றுவது வரை எல்லாவற்றையும் தங்களுக்குள் பங்கிட்டுச் செய்தார்கள். பிறகு இயந்திரம் வந்தது. நீண்ட முகப்பு, நாற்பது பேர், மூன்று ஷிப்டு. ஒரு ஷிப்டு வெட்டும், ஒன்று ஏற்றும், ஒன்று இயந்திரத்தை நகர்த்தும். எதிர்பார்த்த அளவு உற்பத்தி கூடவில்லை. வேலைக்கு வராதோர் கூடினார்கள். ஒரு ஷிப்டு செய்த தப்புக்கு அடுத்த ஷிப்டு ஏச்சு வாங்கியது. பழைய முறையில் இருட்டில் ஒருவரையொருவர் காத்துக்கொண்ட உறவு அறுந்துபோனதை இயந்திரத்தை வடிவமைத்தவர்கள் கணக்கில் எடுக்கவே இல்லை. தொழில்நுட்பத்தையும் மனிதக் கூட்டத்தையும் ஒரே அமைப்பின் இரண்டு பாதிகளாகப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் கண்டறிந்தது.

ஜொகூரில் இதே பாடத்தைச் சொல்லித் தருவது ரப்பர் மரம்.

ரப்பர் பால் மரத்தின் உள்பட்டையில் ஓடும் நுண்குழாய்களில் இருக்கிறது. இரவில் இலைகள் நீரை ஆவியாக விடாததால் குழாய்களுக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். விடியலுக்கு முன் அது பத்து வளிமண்டல அழுத்தத்தையும் தாண்டும். கார் டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்தைப் போலப் பல மடங்கு. வெயில் ஏறினால் அழுத்தம் இறங்கும், பால் குறையும். ஆகவே மரத்தை வெட்டச் சிறந்த நேரம் பொழுது விடிவதற்கு முன். தோட்டத்து மனிதரின் ஒரு நாள் முழுவதையும் தீர்மானித்தது இந்தத் தாவர உண்மைதான்.

கித்தாக் காடு எனப்படும் ரப்பர் தோட்டத்துக்குப் போனவர்களைக் கேட்டால் பெரட்டு என்ற சொல்லில்தான் பேச்சைத் தொடங்குவார்கள். ஆங்கிலத்தில் அணிவகுப்பைக் குறிக்கும் சொல் தமிழ் வாயில் அப்படி ஆனது. அதிகாலை இருட்டில் மணி அடிக்கும். லயம் என்னும் வரிசை வீடுகளிலிருந்து எல்லோரும் திடலுக்கு வர வேண்டும். கணக்கரான கிராணி பேர் கூப்பிடுவார்; மேற்பார்வையாளரான தண்டல் நிரை, அதாவது மர வரிசை, பிரித்துவிடுவார். புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனி நிரையில் நிற்பார்கள். கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டாயிற்று. தலையில் விளக்கு, கையில் வெட்டுக்கத்தி. முதலில் பழைய வெட்டுக் கோட்டில் உறைந்த ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட வேண்டும். பிறகு கத்தியைக் கோட்டின் மேல்முனையில் வைத்து, ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் பட்டையைச் சீவியபடி கீழே இழுக்க வேண்டும். மேலோட்டமாகப் போனால் பால் வராது. ஆழமாகப் போனால் மரத்தின் வளர்திசுவில் காயம் விழும், அந்த இடம் முடிச்சு முடிச்சாகி மறுபடி வெட்ட உதவாது. சீவிய உடனே வெள்ளைத் துளிகள் கோட்டு நெடுக அரும்பி, ஒன்றோடொன்று சேர்ந்து, தகட்டு மூக்கு வழியாக மங்கு என்னும் கிண்ணத்தில் சொட்டத் தொடங்கும். அடுத்த மரத்துக்கு ஓட வேண்டும். இப்படி ஒருவருக்கு நாளொன்றுக்கு நானூறு, ஐந்நூறு மரம். பத்து மணிவாக்கில் வாளியோடு திரும்பி வந்து மங்கு மங்காகப் பால் எடுத்து, பால் ஸ்டோருக்குச் சுமக்க வேண்டும். மழை பெய்தால் ஈரப் பட்டையில் பால் வழிந்து வீணாகும். அன்று வெட்டு இல்லை.

மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவது வழக்கம் என்று வைத்துக்கொண்டால், ஒருவர் கவனிக்கும் நிலம் ஏறத்தாழ மூன்று ஹெக்டேர். அதற்கு மேல் ஒருவரால் முடியாது. மனிதக் கை தவிர எந்த இயந்திரமும் அந்த ஒன்றரை மில்லிமீட்டரைப் பெரிய அளவில் இதுவரை வெற்றிகரமாகச் சீவித் தரவில்லை. பாலைச் சில மணி நேரத்துக்குள் ஸ்டோரில் சேர்க்காவிட்டால் உறைந்துவிடும். எனவே தொழிலாளி தொலைவில் இருந்து வர முடியாது, மரத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்க வேண்டும். விடியலுக்கு முன் வேலை, கை வேலை, பக்கத்தில் வீடு. இந்த மூன்று தேவையும் சேர்ந்து காட்டுக்கு நடுவே நெருக்கமான தமிழ்க் குடியிருப்புகளை உருவாக்கின. கங்காணி முறை அந்த நெருக்கத்தை இன்னும் இறுக்கியது. தன் ஊரிலும் சொந்தத்திலும் ஆள் பிடித்து வருபவர் கங்காணி என்பதால், ஒரே லயத்தில் ஒரே வட்டாரத்துச் சாதியும் குலசாமியும் வந்து சேர்ந்தன. சுரண்டலுக்கும் உறவுக்கும் ஒரே ஆள் முகமாக இருந்தது அந்த முறையின் கொடுமை. இப்படியொரு தோட்டத்தில் 1962-63இல் தங்கி ஆய்வு செய்த இந்திய மானிடவியலாளர் ரவீந்திர கே. ஜெயினின் நூல் 1970இல் வந்தது. வேலைக்களமும் வீட்டு முற்றமும் கோயிலும் அங்கே எப்படி ஒரே அதிகாரத்தின் கீழ் பின்னிக் கிடந்தன என்பதை அறிய அதைப் படிக்க வேண்டும்.

இப்போது ஒரு சட்ட விதியைப் பாருங்கள். காலனிக் காலத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் முதலாளி பள்ளி நடத்த வேண்டும் என்றது. பத்துப் பிள்ளை என்பது சிறிய எண். ரப்பர் தோட்டத்தில் அது தானாக நிரம்பியது; மூன்று ஹெக்டேருக்கு ஒருவர் என்றால் நூறு ஹெக்டேரில் முப்பது பேர், அவர்களின் குடும்பங்கள், அவர்களின் பிள்ளைகள். 1957இல் சுதந்திரம் வந்தபோது நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. மொழிப்பற்று ஒரு காரணம். ஆசிரியர்களின் தியாகம் ஒரு காரணம். அவற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் அடியில் கிடக்கும் காரணம் பட்டையின் தடிமன்தான் என்பது என் கருத்து. அந்தச் சீவல் அத்தனை கைகளைக் கேட்டது. அத்தனை கைகள் ஓரிடத்தில் குடியிருந்தன. அதனால் பத்து என்ற எண் எட்டப்பட்டது. கோயில் திருவிழாவுக்கு வரி போட்டதும் அந்த எண்ணிக்கையை நம்பித்தான். 1954இல் தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் நாட்டின் மிகப் பெரிய தொழிற்சங்கமாக வளர்ந்ததற்கும் பெரட்டுக் களம் உதவியது. முதலாளி எண்ணிப் பார்க்கக் கூட்டிய கூட்டமே, தன்னைத் தானே எண்ணிப் பார்க்கவும் கற்றுக்கொண்டது.

செம்பனை வேறு மாதிரி. ஹெக்டேருக்கு நூற்று நாற்பது மரம்போல. குலை அறுக்கப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போனால் போதும். மொத்த வேலையையும் கூட்டிப் பார்த்தாலும் எட்டுப் பத்து ஹெக்டேருக்கு ஒருவர் போதும். நீண்ட கம்பத்தில் கட்டிய அரிவாளால் இருபது கிலோ குலையை அறுத்துத் தள்ளுவது ஆண்களின் வேலையாயிற்று. பால்வெட்டில் கணவனுக்குச் சமமாக நிரை பிடித்த பெண்ணுக்கு இங்கே உதிரி பொறுக்குவதும் உரம் போடுவதும் மருந்து அடிப்பதும் மிஞ்சின. மருந்தடிக்கும் பெண்களின் உடலில் பூச்சிக்கொல்லி செய்யும் சேதத்தை, ஐரீன் ஃபெர்னாண்டஸ் தொடங்கிய தெனகானித்தா அமைப்பு 2002இல் ஓர் ஆய்வறிக்கையாக வெளியிட்டது. ரப்பர் விலை சரிந்த காலங்களில் ஜொகூரின் தோட்டங்கள் ஒவ்வொன்றாகச் செம்பனைக்கு மாறின. வீட்டில் இரண்டு கூலி வந்த இடத்தில் ஒன்றரை ஆனது. பிறகு அந்த ஒன்றரைக்கும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் தனி ஆட்கள், குடும்பமில்லாமல் வந்தார்கள்.

இதே நேரத்தில் வடக்கே கெடாவில் வேறொன்று நடந்தது. 1978 முதல் 1980 வரை ஜேம்ஸ் ஸ்காட் என்ற அமெரிக்க ஆய்வாளர் அங்கே ஒரு நெல் கிராமத்தில் தங்கியிருந்தார். அறுவடை இயந்திரம் வந்து ஏழை மலாய்க் குடும்பங்களின் அறுப்புக் கூலியைப் பறித்துக்கொண்ட காலம் அது. அவர்கள் கொடி பிடிக்கவில்லை. பணக்காரர்களைப் பற்றிப் புறம் பேசினார்கள், விருந்துக்குப் போகாமல் இருந்தார்கள், இயந்திரத்துக்கு நிலம் விட்டவருக்கு நாற்று நடப் போகாமல் இழுத்தடித்தார்கள். எளியவரின் ஆயுதங்கள் என்று அவற்றுக்குப் பெயர் வைத்து 1985இல் ஸ்காட் எழுதிய நூல் உலகெங்கும் படிக்கப்படுகிறது.

தோட்டத்துத் தமிழருக்கு அந்த ஆயுதங்கள் ஏன் அதே அளவில் கைகொடுக்கவில்லை? என் விடை எளியது. கெடாவில் வேலை போனாலும் வீடு இருந்தது. முறைத்துக்கொண்டு எதிர் வீட்டிலேயே வாழலாம். பணக்காரர் ஒவ்வொரு நாளும் அந்த முறைப்பைத் தாண்டித்தான் பள்ளிவாசலுக்குப் போக வேண்டும். லயம் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போனது. புறம் பேசவும் ஒரு திண்ணை வேண்டுமே!

டிரிஸ்ட் குழுவினர் பின்னாளில் டர்ஹம் பகுதிச் சுரங்கங்களில் இன்னொன்றைக் கண்டார்கள்: அதே நீண்ட முகப்பு, அதே இயந்திரம், ஆனால் தொழிலாளர் தங்களுக்குள் வேலையை மாற்றிக்கொள்ளும் குழு முறை. அங்கே வேலை நன்றாக நடந்தது. கருவி ஒன்றாக இருந்தும் ஏற்பாடு வேறாக இருக்க முடியும். ஜொகூரிலும் அதற்குச் சான்று இருக்கிறது. 1956இல் தொடங்கிய ஃபெல்டா குடியேற்றத் திட்டம், கூலாய் உட்பட ஜொகூரின் பல பகுதிகளில் காட்டைத் திருத்தி நிலமற்ற குடும்பங்களைக் குடியேற்றியது. குடும்பத்துக்கு ஏறத்தாழ பத்து ஏக்கர் பயிர் நிலம், தனியே ஒரு வீட்டுமனை. கடனைப் பிடித்துக்கொண்டுதான் பணம் கொடுத்தார்கள்; கண்டிப்பும் அதிகம். ஆனாலும் கடன் தீர்ந்தால் நிலம் அவர்களுடையது. அங்கேயும் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாற்றினார்கள், அங்கேயும் வேலைக்கு ஆள் குறைந்தது. குடியேறிகள் கலைந்து போகவில்லை. செம்பனைக்கு உரிமையாளராக ஆனார்கள். குடியேறியவர்களில் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். அது சுதந்திர நாட்டின் அரசியல் எடுத்த முடிவு, பயிர் எடுத்த முடிவல்ல.

தமிழருக்கும் அப்படி ஒரு முயற்சி இருந்தது. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கின. ஜொகூர் அரச வம்சத்தில் பிறந்த பொருளியலாளர் உங்கு அசீஸ், 1951 முதல் 1960 வரை நடந்த அந்தத் துண்டாடலை ஆராய்ந்து அதன் சேதத்தை எழுத்தில் வைத்தார். 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளரிடம் சிறுகச் சிறுகப் பங்குத்தொகை சேர்த்துத் தோட்டங்களையே வாங்குவது திட்டம். வாங்கவும் செய்தார்கள். நாடெங்கும் இருந்த தோட்டத் தமிழரின் எண்ணிக்கையோடு வைத்துப் பார்த்தால் அது சிறிய பங்குதான். ஆனால் பெரட்டில் நின்றவர்கள் தோட்டத்தின் பங்குதாரராகவும் இருக்கலாம் என்பதைக் காகிதத்தில் காட்டிய அந்தச் சங்கத்தைப் பற்றி நம் எழுத்தாளர்கள் போதுமான அளவு எழுதவில்லை என்ற குறை எனக்கு உண்டு.

இனி கூலாய்க்கு வருவோம். அங்கே கூலாய் யங் என்ற செம்பனைத் தோட்டம் இருந்தது. 1640 ஏக்கர், அதாவது 664 ஹெக்டேர். பூஸ்டெட் பிளாண்டேஷன்ஸ் நிறுவனம் அதை ஒய்டிஎல் பவர் குழுமத்துக்கு ஏறத்தாழ 43 கோடி ரிங்கிட்டுக்கு விற்றது. அங்கே எழுவது தரவு மையப் பூங்கா. திட்டமிட்ட மின்திறன் 500 மெகாவாட். 2023 டிசம்பரில் என்விடியாவுடன் கூட்டு அறிவிக்கப்பட்டு, செயற்கை நுண்ணறிவுக்கான கணினிகளும் அந்தத் திட்டத்தில் சேர்ந்தன. செடனாக், நூசாஜெயா என்று ஜொகூரின் தென்பகுதியில் இப்படிப் பல பூங்காக்கள். சிங்கப்பூரில் நிலமும் மின்சாரமும் இறுகியபோது பாலத்தைத் தாண்டி ஜொகூருக்கு வந்தது இந்தத் தொழில்.

அந்த 664 ஹெக்டேரில் ஒரு மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். முழுக்க ரப்பராக இருந்தால் பால் வெட்ட மட்டும் இருநூறுக்கும் மேற்பட்டோர். செம்பனை என்றால் எழுபது எண்பது பேர். தரவு மையத்தில் ஒரு கட்டடத்தைக் கட்டும்போது ஆட்கள் ஏராளம். கட்டி முடிந்த பிறகு மின்சாரத்தையும் குளிர்பதனத்தையும் கண்காணிக்கச் சில பத்துப் பேர். அவர்களும் அங்கே குடியிருப்பதில்லை. அட்டையைக் காட்டி உள்ளே போய், ஷிப்டு முடிந்தால் வண்டியெடுத்து வீட்டுக்குப் போகிறார்கள். நல்ல சம்பளம், கௌரவமான வேலை. நம் பிள்ளைகள் படித்து அந்த அட்டையை வாங்க வேண்டும் என்றே விரும்புகிறேன். லயத்து வாழ்க்கைக்குத் திரும்ப யாரும் ஏங்க வேண்டியதில்லை. நான் சுட்டுவது வேறொன்று: அந்த நிலம் கேட்பது இப்போது மின்சாரமும் தண்ணீரும். கணினி கக்கும் சூட்டை ஆற்ற நீர் வேண்டும். அதனால்தான் மாநில அரசு தரவு மைய விண்ணப்பங்களை ஆராய்வதற்கென்றே ஒரு குழு வைத்து வடிகட்டுகிறது. நாளொன்றுக்கு எத்தனை லிட்டர், எத்தனை மெகாவாட் என்று பேச்சு நடக்கிறது. பத்துப் பிள்ளைக்கு ஒரு பள்ளி என்பதுபோல, இந்த நிலப்பயன்பாட்டோடு மனிதரைக் கட்டிவைக்கும் ஒரு விதி, ஓர் எண், அந்தப் பேச்சில் இடம்பெற வேண்டும். எத்தனை உள்ளூர்ப் பயிற்சி இடங்கள், எந்தப் பள்ளிகளுக்கு, யார் எண்ணிப் பார்ப்பது? 1981இல் மாமோரில் ஊதுகுப்பி பிடித்த பெண்களுக்காக இப்படி ஒரு கேள்வியை யாராவது கேட்டிருந்தால் அவர்கள் பெயர்ப்பட்டியலாவது மிஞ்சியிருக்கும்.

ஸ்கூடாய் பக்கம் முத்தியாரா ரினி என்றொரு வீடமைப்புப் பகுதி இருக்கிறது. மாடி வீடுகள், கார்கள், பேரங்காடி. அங்கே உள்ள தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகையில் லாடாங் ரினி என்று எழுதியிருக்கும். லாடாங் என்றால் மலாயில் தோட்டம். தோட்டம் போய்விட்டது, பள்ளி நகரத்துப் பிள்ளைகளால் நிறைந்திருக்கிறது. காலையில் மணி அடித்ததும் பிள்ளைகள் திடலில் வரிசை பிடிக்கிறார்கள். பெயர் கூப்பிடுகிறார்கள்.